வாசிக்காமல் வைத்த கையொப்பம்

பத்தாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

உன் அப்பாவின் தம்பி, உன் குஞ்சியப்பு, இரணைமடுவின் கீழுள்ள சகல வாய்க்கால்களுக்கும் முடிசூடா மன்னனும் பத்தாம் வாய்க்கால் கமக்காரர் அமைப்பின் செயலாளருமாகிய வீரகத்தி எழுதிக்கொள்வது. நாகதம்பிரான் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நித்திரை மட்டும் என்னை விட்டு எங்கேயோ போய்விட்டது, அங்கே நோர்வேயில், பேர்கனில் உன் வாசலில் வந்து நின்றால் கழுத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பு. நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பேனை நகராது. சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், நாகு கன்று, பிறந்த மூன்றாம் நாளே கொடியில் கிடந்த குஞ்சியம்மாவின் சேலையில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. குரங்குகள் இந்த முறை மாமரத்தில் ஒரு பிஞ்சுகூட விடவில்லை, போகும்போது மரத்தையும் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தன, நான் ஒற்றை ஆளாக நின்று தடுத்தேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். என் போன் பழுதாகிப் புதுக்குடியிருப்பில் ஒரு கடையில் கிடக்கிறது என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அது பொய், அது ஏழு கிழமையாகப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது. மகன் பிரதாபனின் போனில் கதைத்தால் நீ அழத் தொடங்குகிறாய், நீ அழுதால் நான் பொய் சொல்லத் தொடங்குகிறேன், ஆகையால் கடதாசியில் எழுதுகிறேன், பிரதாபன் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். பிரதாபா, படம் பிடிக்கும்போது நீ வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும், வாசி, இது உனக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் வயலில் வரம்பு கட்டுகிற செல்வராசாவை நீ மறந்திருக்கமாட்டாய், எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் அடிபட்டு இங்கே வந்த குடும்பம், நீ சோதனை எழுதப் போன அன்று வாய்க்கால் பெருக்கெடுத்தபோது உன்னை ஒரு தோளிலும் உன் சைக்கிளை மறு தோளிலும் தூக்கிக் கடத்திவிட்ட மனிதன். அவருக்கு விபத்து என்று சொன்னேன், கால் முறிந்தது என்று சொன்னேன், நான் நேரில் கண்டேன், பொலிசுக்குப் போய் மேசையில் அடித்துச் சிங்கம்போல வாக்குமூலம் கொடுத்தேன் என்றும் சொன்னேன். கண்டது உண்மை. சிங்கம் பொய். நடந்ததைக் கேள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த அடுத்த நாள், ஏப்ரல் பதினேழு, காலை ஒன்பது மணியிருக்கும், நான் துருசடியில், மதகுக் கதவுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் மணல் அள்ளுகிற டிப்பர்களைப் பற்றி உனக்குத் தெரியும், அனுமதிப்பத்திரமும் இல்லை ஒன்றும் இல்லை, ஆறு இப்போது ஆறாக இல்லை, பாதாளலோகத்துக்கு வெட்டின கிணறாக இருக்கிறது, குனிந்து பார்த்தால் அடியில் உன் நோர்வே தெரியும். பொலிஸ் பார்க்கவில்லையா என்று கேட்காதே, டிப்பருக்கு முன்னால் வழி காட்டிப் போவதே பொலிஸ் மோட்டார் சைக்கிள்தான், நாங்கள் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு சொல்லிவிட்டு வீடு வந்து சேர முதல் மணல் முதலாளி போன் எடுத்து என்ன அண்ணை, சுகமா இருக்கிறியளோ என்று கேட்பான், அந்தச் சுக விசாரிப்பில் சோறு இறங்காது. அன்றைக்குச் செல்வராசா மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீதியின் இடது ஓரத்தால், கரையில் புல்லை உரசிக்கொண்டு வந்தார். எதிரே வந்த டிப்பர் தன் பக்கத்தை விட்டு அவர் பக்கத்துக்கு ஏறி அடித்தது. நான் ஓடின ஓட்டத்தை மான் கண்டிருந்தால் வெட்கத்தில் காட்டை விட்டே போயிருக்கும். அவரைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். அந்தப் படத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள், கடைசியில் அதற்கு வருவேன்.

பின்னேரம் சார்ஜன்ட் ஜீப்பில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மகள், இந்த இடத்தில்தான் உன் குஞ்சியப்புவின் வீழ்ச்சி. எல்லோரையும் வாங்கில் இருத்துகிற நிலையத்தில் எனக்குக் கதிரை போட்டார்கள், கை வைத்த கதிரை. தேத்தண்ணி தந்தார்கள், பால் போட்டு. செயலாளர் ஐயா, செயலாளர் ஐயா என்று சார்ஜன்ட் வாய்க்கு வாய் சொன்னார், குஞ்சியம்மா முப்பது வருசத்தில் ஒரு தடவையும் சொல்லாத சொல்லை அந்த மனுசன் அரைமணித்தியாலத்தில் நாற்பது தரம் சொன்னார். தமிழில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், உள்ளதை உள்ளபடியே சொன்னேன், அவர் சிங்களத்தில் எழுதினார். ஐந்து பக்கம். நல்ல கையெழுத்து, முட்டைகளை வரிசையில் அடுக்கினதுபோல இருந்தது. ஐயா சொன்னது எல்லாம் இதில இருக்கு, ஒவ்வொரு பக்கத்திலயும் கையொப்பம் போடுங்க என்றார். என் கையொப்பம் உனக்குத் தெரியும்தானே, வீயன்னா யானைத் தும்பிக்கைபோலக் கிளம்பி, ஐந்து சுழி சுழித்து, பேருக்குக் கீழே இரட்டைக் கோடு இழுத்து, இரண்டு புள்ளியோடு முடிகிற அந்தக் கையொப்பம், வங்கியில் அதைப் பார்ப்பதற்கென்றே முகாமையாளர் எழுந்து வருவார். ஐந்து பக்கத்திலும் போட்டேன். நாலாம் பக்கத்தில் சுழி சரியாக விழவில்லை என்று பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டேன். ஒரு எழுத்தும் என்னவென்று கேட்கவில்லை. வாசித்துக் காட்டு என்று கேட்கவில்லை, எனக்கு விளங்காத பாஷை என்று சொல்லவில்லை. பாஷையில் என்ன குற்றம், குற்றம் எனக்கு. உனக்குத் தெரியும், எங்கள் வன்னிச் சனத்துக்குக் கையொப்பம் வைப்பது கொட்டாவி விடுவதுபோல ஒரு பழக்கம். பதிவு, மறு பதிவு, நிவாரணம், தறப்பாள், வீட்டுத்திட்டம், காணிப் படிவம் என்று எத்தனை வரிசையில் நின்றோம், வாசித்துவிட்டு வைக்கிறேன் என்று நின்றவனுக்கு முறை வரும்போது அரிசி முடிந்திருக்கும். கடதாசியைக் கண்டால் கை தானாக நீளும். மற்றச் சனம் பசியில் வைத்தது, நான் அன்றைக்குப் பால் தேத்தண்ணியில் வைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே வரும்போது படத்தைப் பிரதி எடுக்கவேண்டும் என்று போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், துண்டு எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கிழமைக்குள் பொலிஸ் வழக்குப் போட்டது, டிப்பர் சாரதிக்கு அல்ல, செல்வராசாவுக்கு. வெறியில் சைக்கிள் ஓடிக் கரையில் நின்ற டிப்பரில் மோதினாராம், டிப்பரின் விளக்கு உடைந்ததாம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்துப் படுத்திருக்கிற மனிதனுக்கு. அந்த மனிதன் கோயிலில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டுப் பதினொரு வருசம், இருமல் மருந்தையே மணந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறவர். ஊர் கொதித்தது. மாதர் சங்கத் தலைவி விமலேஸ்வரி அக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், டிப்பர் வருகிற பாதையில் நடு வீதியில் கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டா. மூன்று நாள் ஒரு மணலும் போகவில்லை. பொலிஸ் வந்து கலையச் சொன்னபோது, நாங்கள் சமைக்கிறம் தம்பி, கொஞ்சம் பொறுங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ என்று அவா அகப்பையை ஆட்டிச் சொன்னா. மூன்றாம் நாள் பெரிய அதிகாரி ஒருவர் வந்து விசாரிக்கிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அடுப்பு அணைந்தது. பிறகு பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். வழக்கை எடுத்த சட்டத்தரணி நேசமலர் என்று ஒரு பிள்ளை, உன்னைவிட இரண்டு வயது மூத்திருக்கும், நீதிமன்றத்தில் வழக்குக் கோப்பைப் பிரதி எடுத்து வவுனியாவில் தமிழாக்கி வாசிக்கக் கொண்டு வந்திருந்தா. அவா வாசிக்க முதல் நான் பேசினேன். என்ன பேச்சு மகள், இரணைமடு முதலைகள் கரையேறி வாலை மடக்கிக்கொண்டு கேட்டன, கூரைத் தகடு மூன்று கழன்றது. செல்வராசாவுக்கு எதிராகச் சாட்சி சொன்ன சண்டாளன் ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான், அவன் சோற்றைத்தான் தின்கிறானோ மணலைத்தான் தின்கிறானோ, அவனை இந்த மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கோ என்று மேசையில் அடித்தேன். நான் உண்மை சொன்னேன் என்பதால் பொய் சொன்னவன் வேறு ஒருவன் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கைதட்டினார்கள். நேசமலர் மட்டும் தட்டவில்லை. ஐயா, கோப்பில இருக்கிறது ஒரே ஒரு சாட்சிதான் என்றா. அவன் பேரைச் சொல்லுங்கோ பிள்ளை என்று கர்ச்சித்தேன். அவா என்னைப் பார்க்காமல், கடதாசியைப் பார்த்து, கந்தையா வீரகத்தி, கமக்காரர் அமைப்புச் செயலாளர் என்று வாசித்தா. செல்வராசா தள்ளாடிக்கொண்டு வந்தார், வாயில் சாராயம் மணத்தது, தானே போய் மோதினார் என்று ஐந்து பக்கமும் நான் சொல்லியிருக்கிறேன். கடைசியில், இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், விளங்கிக்கொண்டு சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பிரதியிலும் அந்தச் சுழிகள் அப்படியே அழகாக விழுந்திருந்தன.

மண்டபத்தில் ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசிப் பிழைத்திருப்பேன். செல்வராசாவின் மனைவி பேச்சியம்மா முன்வரிசையில் இருந்தா, அவா எழும்பி வந்து, ஐயா, நீங்க பாத்தீங்கல்ல என்று ஒன்றே ஒன்று கேட்டா. ஓம் என்றேன். அடுத்த நாள் எங்கள் கச்சான் தோட்டத்தில் புல்லுப் பிடுங்க வருவதாக முன்பே சொல்லியிருந்தா, சொன்னபடி வந்தா. வெயில் ஏற முதல் முழுத் துண்டையும் துப்புரவாக்கினா. குஞ்சியம்மா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க, வேணாங்கம்மா என்று சொல்லிவிட்டு வாய்க்காலுக்குப் போய்க் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுப் போனா. குஞ்சியம்மா அந்தத் தேத்தண்ணியை என் முன்னால் கொண்டுவந்து வைத்து, இந்தாருங்கோ, செயலாளர் ஐயா குடியுங்கோ என்றா. முப்பது வருசம் எதிர்பார்த்த பட்டம் இப்படித்தான் கிடைத்தது. உங்கட கையெழுத்தாலதான் ஒருநாளைக்குக் குடி கெடும் எண்டு சொன்னனான், அது எங்கட குடியாயிருக்கும் எண்டுதான் நினைச்சனான் என்று குசினிக்குள் போனா. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் நடக்கச் சொல்கிறது, நடந்தால் கால் தானாகத் துருசடிக்குப் போகிறது, புளியங்குளம் வரை நடந்து திரும்புகிற அளவு தூரத்தை இந்த முற்றத்துக்குள்ளேயே நடந்துவிட்டேன்.

நேசமலரிடம் போய் என்ன செய்யலாம் என்று கேட்டேன். தமிழில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, வருகிற புதன்கிழமை நீதவானுக்கு முன்னால் நின்று, நான் சொன்னது வேறு, எழுதினது வேறு, வாசிக்காமல் கையொப்பம் வைத்தேன் என்று சொல்லவேண்டும் என்றா. மடையன் என்று நானே சொல்லவேணுமோ என்று கேட்டேன், ஓம் ஐயா, அதுதான் கேஸ் என்றா. இந்தக் கதை ஊரை விட்டு நிலையத்துக்குப் போக எவ்வளவு நேரம், அடுத்த நாளே சார்ஜன்ட் வீட்டுக்கு வந்தார், இந்த முறை நான்தான் கதிரை போட்டேன். வாக்குமூலம் மாத்தினா ஐயாவுக்குத்தான் கேஸ் வரும் என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போகும்போது படலையைப் பிடித்துக்கொண்டு, மகனுக்குக் கொழும்பில போட்ட பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் விசாரணைக்கு வந்து என்ர மேசையிலதான் இருக்கு, கெதியா அனுப்பிவிடத்தான் யோசிக்கிறன் என்றார். பிரதாபனுக்கு நீ உன் ஊர் மீன் தொழிற்சாலையில் பார்த்து வைத்த வேலைக்கு அந்தப் பத்திரம் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் நீயும் போனில், குஞ்சியப்பு, அவன்ர அலுவல் முடியுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ என்று சொன்னாய். நீ சொன்னதில் பிழை இல்லை மகள். வாயைப் பொத்தியபடியால்தான் நாங்கள் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறோம், உன் அப்பா பொத்தாதவர், அவரைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் சும்மா இருந்தால் அது வாயைப் பொத்தினதாக ஆகாது, என் வாய்தான் அங்கே கோப்புக்குள் இருந்து ஒவ்வொரு நாளும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதை எப்படிப் பொத்துவது.

பிரதாபன் நாலு நாளாக என்னோடு கதைக்கவில்லை. குறை சொல்லமாட்டேன், இரண்டு வருசமாக அந்த வேலையை நினைத்துக்கொண்டு இருக்கிறவன், நோர்வே மீன்களின் பேர் எல்லாம் பாடமாக்கி வைத்திருக்கிறான். பிரதாபா, நான் உன்னிடம் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன், அது உன் கடதாசியிலும் நானே கையொப்பம் வைத்ததுபோலத்தான், தெரியும். நீ கோபிக்கலாம். நேற்றுக் காலையில் அவன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான், நான் பக்கத்தால் போக, புதன்கிழமை பஸ்ஸில போகாதையுங்கோ, பிந்தும் என்று சில்லைப் பார்த்துச் சொன்னான். எனக்குச் சொன்னானோ சில்லுக்குச் சொன்னானோ தெரியாது, நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதம் முழுவதும் அதற்காகத்தான். நான் எதைப் படம் பிடித்தாலும் உனக்கு அனுப்பாமல் போனைச் சட்டைப்பைக்குள் வைப்பதில்லை, பூசணிக்காய், பாம்புச் சட்டை, குஞ்சியம்மா கோபத்தில் நிற்கிற கோலம், எல்லாம். நீ அவற்றைத் திறப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும், வாட்ஸ்அப்பில் இரண்டு கோடும் சாம்பலாகவே கிடக்கும், நீலம் விழாது. குறையாகச் சொல்லவில்லை, இரவும் பகலும் அங்கே கிழவர்களைத் தூக்கி இருத்துகிற பிள்ளைக்கு என் பூசணிக்காயைப் பார்க்க எங்கே நேரம். ஆனால் ஏப்ரல் பதினேழாம் திகதிக்குப் போ. முதலில் துருசில் தண்ணீர் பாய்கிற படம் இருக்கும், அதற்குப் பிறகு டிப்பர் படம் இருக்கவேண்டும். துருசடியில் சிக்னல் ஒருமுறை வரும் ஒருமுறை போகும், அனுப்பினேன் என்பது உறுதி, போய்ச் சேர்ந்ததோ என்று நான் பார்க்கவில்லை. சேர்ந்திருந்தால் அதில் செல்வராசாவின் சைக்கிள் டிப்பரின் சில்லுக்கடியில் வீதியின் எந்த ஓரத்தில் கிடக்கிறது என்று குருடனுக்கும் தெரியும். டிப்பருக்கு முன்னால் பொலிஸ் மோட்டார் சைக்கிள் நின்றது, நாங்கள் ஒருவரும் பொலிசுக்குச் சொல்ல முதலே நின்றது, அது படத்துக்குள் விழுந்ததோ என் கண்ணுக்குள் மட்டும்தான் விழுந்ததோ என்று ஏழு கிழமையாக யோசித்து மண்டை கலங்கிவிட்டது. இருந்தால் உடனே பிரதாபனின் போனுக்கு அனுப்பு, அவன் நேசமலருக்குக் கொடுப்பான். நீ இடம் மிச்சம் பிடிக்க என் படங்களை எல்லாம் அழித்திருப்பாய் என்று குஞ்சியம்மா சொல்கிறா. அழித்திருந்தால் மனம் வருந்தாதே, அதையும் சொல்லிவிடு, படம் இல்லாவிட்டாலும் நான் புதன்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறுவேன், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி இறங்குவேன், முதலைகளைக் கூப்பிடமாட்டேன். சத்தியக்கடதாசியை நாலு தரம் வாசித்தேன், மூன்றாம் தரம் ஒரு இடத்தில் இடது என்பதற்கு வலது என்று இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்துவித்தேன், நேசமலர் முதல் தடவையாகச் சிரித்தா. கையொப்பத்தைச் சின்னதாக வைக்கட்டோ என்று கேட்டேன், வேண்டாம் ஐயா, அதே ஐந்து சுழியும் இருக்கவேணும், இல்லாட்டி வேற ஆளெண்டு சொல்லுவினம் என்றா. ஆகையால் புதன்கிழமையும் அந்த யானைத் தும்பிக்கை எழும்பத்தான் போகிறது, இந்த முறை ஒருவரும் அதை ரசிக்கமாட்டார்கள்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போ, வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே, தைரொயிட் குளிசையை மறக்காதே. யாராவது எங்கேயாவது கடதாசி நீட்டினால், அது நோர்வே ராசாவே நீட்டினாலும், இருந்து வாசித்துவிட்டு வை. புதன்கிழமை எங்கள் காலை ஒன்பது மணிக்கு உனக்கு விடியப்புறமாக இருக்கும், விழித்திருந்தால் செல்வராசாவுக்காக ஒரு விளக்கு ஏற்று, எனக்காக வேண்டாம், நான் சமாளிப்பேன். நாகதம்பிரான் உனக்குத் துணை நிற்கட்டும், நீ நீடூழி வாழ்ந்து, கை நிறைய உழைத்து, என் கண் மூட முதல் ஒருமுறை வந்து சிவப்பியின் கன்றைப் பார். ஏப்ரல் பதினேழு, மறவாதே.

மேலே உள்ளதைக் குஞ்சியம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன், பொய் ஒன்றும் இல்லை, முதலைகளைத் தவிர என்றா. நானும் வாசித்து, விளங்கிக்கொண்டு, சரியென ஏற்று, சுழி எதுவும் இல்லாமல் கையொப்பமிடுகிறேன்.

உன் குஞ்சியப்பு,
க. வீரகத்தி